சத்திரம் என்னும் சொல்லும் கத்தி பிடித்த கையும்

முன்னுரை

தமிழ்ச் சொற்பிறப்பு ஆய்வு நெடுங்காலமாக ஒரே வினாவைச் சுற்றிச் சுழன்று வருகின்றது. ஒரு சொல் தமிழா, வடமொழியா என்பதே அவ்வினா. தமிழ் என்று நிறுவியவர் வென்றதாகவும், வடமொழி என்று காட்டியவர் நம்மைத் தோற்கடித்ததாகவும் கருதும் மனநிலை ஆய்வாளரிடையே வேரூன்றியுள்ளது. அச்சொல் எந்தப் பொருளைக் குறித்தது, அப்பொருளை யார் கையாண்டனர், எந்தக் காலத்தில் எந்தப் பகுதியில் அது வழங்கியது என்னும் வினாக்கள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. இப்போக்கு ஆய்வுக்குக் கேடு விளைவிப்பது என்பதை, மருத்துவர் உடலை அறுக்கக் கையாளும் கருவியைக் குறிக்கும் சத்திரம் என்னும் ஒரு சொல்லைக் கொண்டு நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இச்சொல்லைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. இலங்கைத் தமிழர் இன்றும் சத்திரசிகிச்சை என்றே எழுதுகின்றனர், பேசுகின்றனர். தமிழகத்தார் அறுவைச் சிகிச்சை என்கின்றனர். இக்கட்டுரையாளர் பணியாற்றும் பெங்களூரிலோ மருத்துவமனைப் பலகைகளில் சஸ்த்ரசிகித்ஸெ என்னும் கன்னடச் சொல்லே காணப்படுகின்றது. சிவாஜி நகரிலும் அல்சூரிலும் வாழும் தமிழர் இப்பலகையின் கீழ் நின்று ஆபரேஷன் என்று பேசிக்கொள்கின்றனர். ஒரே செயலுக்கு வழங்கும் இந்த நான்கு பெயர்களுள் எது தூயது என்று தீர்ப்பளிப்பது எளிது. ஒவ்வொன்றும் எதனைச் சொல்லுகின்றது என்று கூறுவது அத்துணை எளிதன்று. கடினமான அப்பணியே ஆய்வாளனுக்கு உரியது.

1. ஓரெழுத்தில் ஒடுங்கிய பல சொற்கள்

தமிழில் சத்திரம் என்று எழுதப்படும் வடிவம் ஒரு சொல் அன்று; குறைந்தது மூன்று சொற்கள். வழிப்போக்கர் தங்கி உண்ணும் அறச்சாலையைக் குறிக்கும் சத்திரம் வடமொழி ஸத்ர என்பதன் வழிவந்தது. குடையைக் குறிக்கும் சத்திரம் ச்சத்ர என்பதன் வழிவந்தது. படைக்கலத்தையும் மருத்துவரின் வெட்டுக் கருவியையும் குறிக்கும் சத்திரம் சஸ்த்ர என்பதன் வழிவந்தது. தமிழ் எழுத்து முறை இம்மூன்றின் முதலெழுத்துகளையும் சகரத்தில் அடக்கிவிட்டது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924-1936) இவற்றைத் தனித்தனிப் பதிவுகளாக வைத்துள்ளமை அதன் ஆசிரியர் குழுவின் விழிப்பைக் காட்டும். நூலைக் குறிக்கும் சாத்திரம் இவற்றினின்றும் வேறானது. சாஸ்த்ர என்பது கற்பித்தல், கட்டளையிடல் என்னும் பொருளுடைய சாஸ் என்னும் வினையடியிற் பிறந்தது. சஸ்த்ர என்பது வெட்டுதல் என்னும் பொருளுடைய சஸ் என்னும் வினையடியிற் பிறந்தது. ஒரு நெட்டெழுத்து வேறுபாட்டில் ஆசிரியர் ஒருபுறமும் அறுப்பவர் மறுபுறமும் நிற்கின்றனர். எனவே சத்திரசிகிச்சை என்பதைச் சாத்திரசிகிச்சை என்று திருத்துவது பிழை. சத்திரத்தில் அளிக்கப்படும் சிகிச்சை என்று அதனை எள்ளுவது அதனினும் பெரிய பிழை.

இம்மயக்கம் தமிழ் எழுத்தின் குறைபாட்டால் விளைந்தது என்பாரும் உளர். அவர்கள் கன்னடத்தை நோக்குதல் வேண்டும். கன்னட நெடுங்கணக்கில் வடமொழி ஒலிகள் அனைத்திற்கும் எழுத்துண்டு. அவ்வாறிருந்தும் அறச்சாலையைக் குறிக்கும் சொல் அங்கும் குடையைக் குறிக்கும் சொல்லின் எழுத்திலேயே எழுதப்படுகின்றது. பெங்களூர்த் தொடர்வண்டி நிலையத்தருகே உள்ள தோட்டதப்ப சத்திரத்தின் கன்னடப் பெயர்ப் பலகை இதற்குச் சான்று. எழுத்து மிகுந்திருந்தாலும் வழக்கு தன் போக்கில் சொற்களை இணைத்துவிடும். வடமொழியிலும் சஸ்த்ர என்னும் வடிவம் ஒன்றன்று. வேத வேள்வியில் ஓதப்படும் புகழுரைக்கும் அதுவே பெயர். அது புகழ்தலைக் குறிக்கும் வேறொரு வினையடியிற் பிறந்தது.

இதே நிலையை இரணம் என்னும் சொல்லிலும் காணலாம். போர், புண், கடன் ஆகிய மூன்று பொருள்களையும் தரும் இவ்வடிவம் ரண, வ்ரண, ருண என்னும் மூன்று வேறு சொற்களின் சந்திப்பாகும். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884), அறுவை மருத்துவ நூலொன்றைத் தமிழாக்கி 1867இல் வெளியிட்டபோது அதற்கு இரண வைத்தியம் என்று பெயரிட்டார். அப்பெயரைப் போர் மருத்துவம் என்றோ கடன் மருத்துவம் என்றோ எவரும் மயங்கினாரில்லை. அருகில் நிற்கும் சொல்லும் வழங்கும் சூழலும் பொருளை உறுதி செய்தன. சத்திரசிகிச்சைக்கும் அதே உறுதி ஈழத்தில் உண்டு. தமிழக வாசகர்க்கு அது இல்லாமற் போனமை வழக்கின் வேறுபாடே ஒழியச் சொல்லின் குற்றமன்று.

2. வலிந்து காட்டும் வேர்

இனி, சத்திரம் என்பதற்குத் தமிழ் வேர் காட்டும் முயற்சியைக் காண்போம். புல் செத்துதல், மரம் செத்துதல் என்பன வழக்கில் உள்ளன. செத்துதல் என்பது மேலாகச் சீவுதலையும் செதுக்குதலையும் குறிக்கும். செத்து என்பதனோடு இரம் என்னும் ஈற்றைக் கூட்டிச் செத்திரம் என்று ஆக்கி, அது சத்திரம் எனத் திரிந்து வடக்கே சென்று சஸ்த்ர ஆயிற்று என்று ஒருவர் எழுத முற்பட்டால், கேட்பதற்கு இனிமையாகவே இருக்கும். நம் கருத்தரங்கு மேடைகளில் இவ்வகை விளக்கத்திற்குக் கைதட்டலும் கிடைக்கும். ஆயின் அது நிற்குமா?

முதலாவது, ஈற்றை நோக்குக. வடமொழியில் த்ர என்பது கருவிப்பொருள் உணர்த்தும் விகுதி. எறிதற்குரியது அஸ்த்ர, உடுத்தற்குரியது வஸ்த்ர, கட்டுப்படுத்துவது யந்த்ர, எண்ணுதற்குக் கருவியாவது மந்த்ர. இவை தமிழில் முறையே அத்திரம், வத்திரம், எந்திரம், மந்திரம் என வந்தன. சஸ்த்ர என்பது சத்திரம் ஆதலும் இம்முறை வழுவாதது. தமிழிலோ திரம் என்னும் கருவி விகுதி கிடையாது. வெட்டுவது வெட்டிரம் என்றோ, கீறுவது கீறிரம் என்றோ ஆகக் கண்டோமில்லை. ஒரு சொல்லுக்காக மட்டும் ஒரு விகுதியைப் படைத்துக்கொள்வது ஆய்வாகாது.

இரண்டாவது, சொல்லின் முதலெழுத்தை நோக்குக. சகரமெய் அகரத்தோடு கூடி மொழிக்கு முதலில் வாராது என்பது தொல்காப்பிய மொழிமரபு. இந்நூற்பாவின் பாடத்தில் வேறுபாடு கூறுவாரும் உளர். பிற்கால வழக்கு இவ்வரையறையைக் கடந்துமிருக்கின்றது. எனவே இதனைத் தனிச்சான்றாக நிறுத்துதல் கூடாது. ஈற்றுச் சான்றோடு சேர்த்து நோக்குங்கால் இதன் வலிமை மிகும்.

மூன்றாவது, சொற்குடும்பத்தை நோக்குக. கத்தி என்பது தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு, துளு ஆகியவற்றிலும் நீலமலையின் கோத்தர், தோடர் மொழிகளிலும் காணப்படுகின்றது. இதனைப் பர்ரோ, எமனோ ஆகியோரின் திராவிடச் சொற்பிறப்பு அகராதி ஒரே பதிவில் தொகுத்துள்ளது. இச்சொல்லையும் வடமொழி வினையடியோடு இணைப்போர் உளர். கத்தரி என்பது கர்த்தரீ என்பதன் வழிவந்தமை தெளிவாதலால் அதன் அருகில் நிற்கும் கத்தியின் மீதும் ஐயம் எழுவது இயல்பே. எனினும் மலைவாழ் மக்கள் மொழிகள் வரை பரவி நிற்கும் ஒரு சொல்லைப் பற்றி வாதிடுவதற்கு இடமுண்டு. சத்திரத்திற்கு அவ்வாறான பரவலைக் காட்டுதல் இயலாது.

ஆகவே சத்திரம் வடசொல். இதனை ஒப்புவதில் தமிழுக்கு இழுக்கொன்றுமில்லை. வேரை வலிந்து காட்டுவோர் தமிழைக் காப்பதாக எண்ணுகின்றனர். உண்மையில் அவர்கள் பிறமொழி அறிஞர் முன்னிலையில் நம் வலுவான சான்றுகளையும் ஐயத்திற்கு உள்ளாக்குகின்றனர். பத்துப் பொய் வேர்களோடு சேர்த்து வைக்கப்பட்ட ஒரு மெய் வேரை யார் நம்புவர்?

3. மறுதரப்பின் தாவல்

இங்கே மற்றொரு தரப்பார் மகிழ்ச்சியுடன் முன்வருவர். சொல் வடமொழி எனின் கலையும் வடக்கிலிருந்து வந்ததே என்பர். சுசுருத சங்கிதையைச் சுட்டித் தமிழர்க்கு அறுவை மருத்துவம் கற்பித்தது அந்நூலே என்று முடிப்பர். முதல் தரப்பாரின் பிழையைவிட இப்பிழை நுட்பமானது. அதனாலேயே கூடுதல் ஆபத்தானது.

சுசுருதரின் நூலைச் சுட்டுவோர் அதனைப் படித்தல் வேண்டும். அந்நூல் கருவிகளை இரண்டாகப் பகுக்கின்றது. பற்றவும் இழுக்கவும் பயன்படும் மழுங்கிய கருவிகள் யந்த்ரம், அவை 101. கூரிய கருவிகள் சஸ்த்ரம், அவை 20. இந்த இருபதனுள் கத்தி வகைகள் மட்டுமின்றி, ஊசியும், கரபத்ரம் எனப்படும் வாளரமும், தூண்டில் போன்ற கொக்கியும், புண்ணின் ஆழத்தைத் துழாவும் கோலும் அடங்கும். எனவே மூல நூலில் சஸ்த்ர என்பது ஒரு கத்தியின் பெயரன்று. ஒரு வகுப்பின் பெயர். தமிழில் சத்திரம் என்னும்போது ஒற்றைக் கருவி, அதிலும் கீறும் சிறுகத்தி, மனத்தில் தோன்றுமாறு பொருள் குறுகியுள்ளது. கடன் வாங்கியவர் பொருளை அப்படியே வாங்கவில்லை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமா? பொருள் குறுகிய அந்த இடைவெளியிலேயே தமிழ்நாட்டு மருத்துவத்தின் வரலாறு ஒளிந்திருக்கின்றது. அதனை ஆராயாது மூலச்சொல்லைக் கண்டவுடன் ஆய்வு முடிந்ததென்பது சோம்பல்.

அந்நூல் கூறும் கருவித்தொழில்கள் எட்டு. அறுத்தெடுத்தல், கீறித் திறத்தல், சுரண்டல், துளைத்தல், துழாவுதல், வெளியே இழுத்தல், வடித்தல், தைத்தல் என அவற்றைத் தமிழிற் சொல்லலாம். இவ்வெட்டையும் கூறுவதற்கு ஒரு வடசொல்லும் தேவைப்படவில்லை என்பது நோக்கத்தக்கது. தொழிலின் வினைச்சொற்கள் தமிழாகவும், கருவியின் வகுப்புப் பெயர் வடசொல்லாகவும் இருக்கும் நிலை எதனைக் காட்டுகின்றது? செய்கை இங்கே இருந்தது. நூல்வழிப் பெருமை பெற்ற பெயர் பின்னர் வந்து அதன்மேல் அமர்ந்தது என்றே கொள்ளத் தோன்றுகின்றது.

ஆங்கிலத்தை ஒப்பிடுக. மருத்துவர் கையிலுள்ள சிறுகத்திக்கு அவர்கள் வழங்கும் ஸ்கால்பெல் என்னும் பெயர் இலத்தீனிலிருந்து வந்தது. செதுக்குதலைக் குறிக்கும் வினையிற் பிறந்து, சிறு உளி, சிறுகத்தி எனப் பொருள்பட்டது. லான்செட் என்பது பிரெஞ்சு வழி வந்தது. சிறு ஈட்டி என்பது அதன் பொருள். அறுவை மருத்துவத்தைக் குறிக்கும் சர்ஜரி என்பதோ கிரேக்கத்தில் கைத்தொழில் என்னும் பொருளுடைய சொல்லின் திரிபு. பெயர்கள் இவ்வாறு மூன்று மொழிகளிலிருந்து வந்திருக்க, இலண்டன் நகரில் கத்தி பிடித்தவர் யார்? நாவிதர்கள். 1540இல் நாவிதரும் அறுவை மருத்துவரும் ஒரே சங்கமாக இணைக்கப்பட்டனர். 1745இல்தான் அவர்கள் பிரிந்தனர். பெயரின் பிறப்பைக் கொண்டு தொழிலின் பிறப்பை முடிவு செய்யின் இலண்டன் நாவிதரை இலத்தீன் புலவராக்க வேண்டிவரும்.

4. இலக்கியம் காட்டும் கருவிகள்

தமிழ் இலக்கியத்தில் இக்கருவி எப்பெயரால் வருகின்றது என்பதை இனி நோக்குவோம். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர், கடல் பிறக்கோட்டிய செங்குட்டுவனைப் பாடுமிடத்து (42), போரிற் கிழிந்த மார்பைத் தைக்கும் நீண்ட வெண்ணிற ஊசியைக் குளிர்ந்த குளத்தில் மூழ்கி எழும் மீன்கொத்திக்கு உவமிக்கின்றார். குருதியில் மறைந்து மறுபுறம் வெளிப்படும் ஊசியின் இயக்கத்தை அருகிருந்து கண்டவர்க்கே இவ்வுவமை தோன்றும். ஊசி என்னும் சொல் வடமொழி ஸூசியோடு தொடர்புடையது என்பாரும், அதனை மறுப்பாரும் உளர். எது உண்மையாயினும் சேரன் வீரர் மார்பு தைக்கப்பட்டதென்பது மாறாது. சொல்லுக்கு வேர் தேடும் வழக்கில் தோற்றாலும் புண் தைத்த வரலாறு தோற்பதில்லை.

பொருநராற்றுப்படை, மயிர் குறைக்கும் கருவியின் கைப்பிடி வளைவைப் பாடினியின் காதுக்கு உவமையாக்குகின்றது. கத்தரி என்னும் வடமொழித் திரிபு இன்று எல்லார் நாவிலும் இருக்க, அக்கருவி அன்று செயலை விரித்துரைக்கும் தமிழ்த்தொடரால் குறிக்கப்பட்டுள்ளது. அக்கருவி நாவிதர் கருவி என்பதும் மனங்கொளத்தக்கது.

குலசேகர ஆழ்வார் பெருமாள் திருமொழியின் வித்துவக்கோட்டுப் பதிகத்தில், அறுத்துச் சுட்டாலும் மருத்துவன்மேல் அன்பு நீங்காத நோயாளியைத் தமக்கு உவமையாகக் காட்டுகின்றார். அங்கே மருத்துவன் கையிலுள்ள கருவி வாள் எனப்படுகின்றது. இன்றைய மாணவர் இதனைப் படிக்குங்கால் போர்வாளை எண்ணித் திகைக்கின்றனர். உரை கூறுவோரும் உயர்வு நவிற்சி என்று கூறிக் கடந்து செல்கின்றனர். இங்கேதான் அண்டை மொழியறிவு துணைபுரிகின்றது. தமிழ் வாள் கன்னடத்தில் பாள் என்றாகும். தமிழ் வகர முதல் கன்னடத்தில் பகரமாதல் பொதுவிதி. கன்னடப் பாள் போர்வாளை மட்டுமன்றிக் கத்தியையும் மழிகத்தியையும் குறித்து வழங்கியது. மலையாளத்தில் மரம் அறுக்கும் கருவி ஈர்ச்சவாள் எனப்படுகின்றது. யாழ்ப்பாணத்துத் தச்சரும் அதனை வாள் என்றே கூறுவர். எனவே வாள் என்பதன் அடிப்படைப் பொருள் தீட்டிய அலகுடைய கருவி என்பதே. போர்க்கருவி என்பது அதன் ஒரு கிளை. ஆழ்வார் மருத்துவன் கையில் வைத்தது வீரனின் வாளன்று. மழிகத்தியோ அதையொத்த அலகோ ஆகும். இப்பொருள் கொள்ளின் உவமை உயர்வு நவிற்சியினின்று நீங்கி, அன்றாட வாழ்வின் மெய்ம்மையைப் பெறுகின்றது. பெருமாள் திருமொழியைச் சேரநாட்டுச் சூழலில் வைத்துப் படிப்போர் இதனை எளிதில் ஏற்பர்.

கம்பரும் யுத்தகாண்டத்துக் கும்பகருணன் வதைப் படலத்தில் உடலில் தோன்றிய கட்டியை அறுத்து, குருதி போக்கி, சுட்டு, மருந்திடும் முறையை உவமையாகக் கூறுகின்றார். ஆழ்வாரிடத்தும் கம்பரிடத்தும் அறுத்தலும் சுடுதலும் இணைந்தே வருகின்றன. சித்த மருத்துவம் கூறும் 32 புறமருந்துகளுள் கீறல், அறுவை, சுட்டிகை, குருதி வாங்கல், அட்டைவிடல் என்பன இடம்பெறுகின்றன. இம்மூன்றிடத்தும் செயல் ஒன்றே, சொல் தமிழே. அந்த இரு பாடல்களிலும் சத்திரம் என்னும் சொல் ஆளப்படவில்லை. தமிழ் வேர் காட்ட விழைவோர் செத்து என்பதைத் துரத்திச் செல்லாமல் இவ்வரிய சான்றுகளைத் தொகுத்திருப்பின் தமிழுக்கு உண்மையான தொண்டு செய்தவராவர்.

5. கத்தி யார் கையில் இருந்தது?

இருதரப்பாரும் கேட்க மறந்த வினா இது. மறந்தனர் என்பதைவிடத் தவிர்த்தனர் என்பதே பொருந்தும்.

தமிழகத்துச் சிற்றூர்களில் கட்டியைக் கீறியவர், பல் பிடுங்கியவர், புண்ணைக் கழுவிக் கட்டியவர் நாவிதர். மகப்பேறு பார்த்தவர் அவர் இல்லத்துப் பெண்டிர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் ஏழு தொகுதிகள் இதனைப் பதிவு செய்துள்ளன. மருத்துவச்சி என்னும் சொல் மகப்பேறு பார்க்கும் பெண்ணைக் குறித்ததும், பரியாரி என்னும் சொல் சில பகுதிகளில் நாவிதரையும் யாழ்ப்பாணத்தில் மருத்துவரையும் குறிப்பதும் தற்செயலன்று. தமிழக அரசின் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் மருத்துவர், நாவிதர் என்னும் பெயர்கள் ஒரே பதிவில் அருகருகே நிற்கின்றன. பல்கலைக்கழகத்தார் எழுத மறந்த வரலாற்றை அரசாணையின் ஒரு வரி வைத்திருக்கின்றது.

கன்னட நாட்டிலும் இந்நிலையே. மழிகத்தி முதலியன வைக்கும் பையைத் தமிழர் அடைப்பம் என்பர். அதுவே வெற்றிலைப் பைக்கும் பெயர். கன்னடத்தில் அது ஹடப என வழங்கும். வெற்றிலைப் பையும் நாவிதர் பையும் அங்கும் ஒரே பெயரின. கன்னட நாவிதர் தம் குலத்தை ஹடபத என்று அழைத்துக்கொள்வது இப்பையால் வந்த பெயரே. பசவண்ணரோடு இருந்த ஹடபத அப்பண்ணரைத் தம் முன்னோராக அவர்கள் போற்றுகின்றனர். சவரம் என்னும் சொல்லும் மழிகத்தியைக் குறிக்கும் க்ஷுர என்பதன் அடியாகப் பிறந்த க்ஷௌர என்பதன் திரிபே. தொழிலுக்கும் குலத்துக்கும் கருவியும் கருவிப்பையும் பெயர் தந்திருக்க, அக்கருவியின் வரலாற்றை அத்தொழிலாளரை விலக்கி எழுதுதல் எங்ஙனம்?

நூலறிவோடு தொடர்பற்ற கைகளும் நுண்ணிய அறுவை செய்தன என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்றுண்டு. திப்பு சுல்தானோடு ஆங்கிலேயர் நடத்திய போரில் 1792இல் சிறைப்பட்டு மூக்கறுக்கப்பட்ட காவஸ்ஜி என்னும் வண்டியோட்டிக்குப் பின்னர்ப் புனேயில் நெற்றித் தோலைக் கொண்டு புதிய மூக்கு அமைக்கப்பட்டது. இலண்டன் ஜென்டில்மன்ஸ் மேகசின் 1794 அக்டோபரில் இச்செய்தியைப் படத்துடன் வெளியிட்டது. ஐரோப்பிய மருத்துவர் அம்முறையைக் கற்க முனைந்தனர். அதனைச் செய்தவர் செங்கல் அறுக்கும் குலத்தவர் என்று அச்செய்தி கூறியது. சுசுருதரின் புகழைப் பேசுவோர் இந்நிகழ்ச்சியை மேற்கோள் காட்டுவர்; செய்தவரின் குலத்தை மட்டும் சொல்லாது விடுவர்.

இதுவே என் குற்றச்சாட்டு. வடமொழித் தரப்பார் கத்தியை நாவிதர் கையினின்று பிடுங்கி முனிவர் கையிற் கொடுக்கின்றனர். தனித்தமிழ்த் தரப்பார் அதே கத்தியைப் பிடுங்கிச் சித்தர் கையிற் கொடுக்கின்றனர். இருவரும் ஒருவரையொருவர் பகைவர் என்று கருதினாலும், தொழில் செய்தவரை ஏட்டினின்று நீக்குவதில் உடன்பிறந்தார் போல் ஒன்றுபடுகின்றனர். ஒரு சொல்லின் வேரைப் பற்றிய சண்டை, அச்சொல்லைப் பயன்படுத்திய மக்களை மறைக்கும் திரையாகிவிட்டது.

6. அறுவையா, சத்திரமா?

இன்றைய கலைச்சொல் வழக்குக்கு வருவோம். சத்திரசிகிச்சை வடமொழித் திணிப்பு என்று கூறி அறுவை சிகிச்சையைத் தூய தமிழாக முன்வைப்போர், அதன் இரண்டாம் பாதியை மறந்துவிடுகின்றனர். சிகிச்சை என்பதும் வடசொல்லே. கவனித்தலைக் குறிக்கும் வினையின் விழைவுப்பொருள் வடிவிற் பிறந்தது. பாதி வடசொல்லை வைத்துக்கொண்டு முழு வடசொல்லை இகழ்வது நகைப்பிற்குரியது. முழுமையும் தமிழாக வேண்டின் அறுவை மருத்துவம் என்னும் தொடர் இருக்கவே இருக்கின்றது.

அறுவை என்பது தமிழ் என்பதில் ஐயமில்லை. ஆயின் தமிழ் என்பதனால் அதன் பொருள் நிலைபெற்றதென்று கருதுதலும் தவறு. சங்க காலத்தில் அறுவை என்பது ஆடை. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் ஆடை வாணிகரே ஒழிய அறுவை மருத்துவரல்லர். நெய்த பாவினின்று அறுக்கப்படுவது அறுவை, துணிக்கப்படுவது துணி. பின்னர் மருத்துவத்தில் அச்சொல் அறுக்கும் செயலுக்காயிற்று. இக்கால இளைஞர் பேச்சிலோ சலிப்பூட்டும் பேச்சுக்குப் பெயராயிற்று. தமிழ் வேரிற் பிறந்த சொல்லே இத்துணைப் பொருள்களைக் கடந்து வந்துள்ளதெனின், வேர் அறிந்தால் பொருள் அறிந்ததாகும் என்னும் கொள்கை எங்ஙனம் நிற்கும்?

கத்தியின் நிலையும் அதுவே. தமிழர் அடுக்களையில் காய் நறுக்குவது கத்தி. கன்னடர் அதனைச் சாகு என்பர். அது துருக்கி, பாரசீகம் வழி வந்தது. கத்தி என்று கன்னடத்திற் சொன்னால் வாள் என்று கொள்வர். வேர் ஒன்று, அலகு வேறு. பெங்களூர்த் தமிழ்ச் சிறுவர் இருமொழிச் சூழலில் இவ்வேறுபாட்டை நாள்தோறும் கையாள்கின்றனர். நம் அகராதிகள் அதனைப் பதிவு செய்யவில்லை.

கலைச்சொல்லின் முதற்கடமை உரியவர்க்கு விளங்குதல். அறுவைக்கு முன் ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிடும் நோயாளிக்குத் தம் உடலில் செய்யப்படவிருப்பது யாதென்று விளங்குதல் வேண்டும். வவுனியாவில் சத்திரசிகிச்சை அதனைச் செய்கின்றது. மதுரையில் அறுவை சிகிச்சை அதனைச் செய்கின்றது. பெங்களூரில் தமிழ் நோயாளியின் கையில் தமிழ்ப் படிவம் கிடைப்பதே அரிது. இங்கே நாம் எச்சொல் தூயது என்று வாதிட்டுக்கொண்டிருத்தல், பசித்தவன் முன் இலையின் நீளத்தைப் பற்றி வழக்காடுதல் போன்றதாகும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. மருத்துவக் கருவியைக் குறிக்கும் சத்திரம் வடமொழி சஸ்த்ர என்பதன் திரிபு. அதற்குத் தமிழ் வேர் காட்டுதல் பொருந்தாது. மூலத்தில் கூரிய கருவிகளின் வகுப்பைக் குறித்த அச்சொல் தமிழில் வெட்டும் சிறு கருவியாகப் பொருள் குறுகியது. சொல் வந்தமையால் தொழில் வந்ததாகாது. வாள், ஊசி, அறுத்தல், கீறல், சுடுதல் என்னும் சொற்களால் தமிழ் இலக்கியம் அத்தொழிலைக் காட்டுகின்றது. அத்தொழிலை ஊர்தோறும் செய்தவர் நாவிதரும் மருத்துவச்சியருமே.

ஆகவே மூன்றினை வலியுறுத்த விரும்புகின்றேன். ஒன்று, கருவிப் பெயர்களை ஆராய்வோர் முதலில் பொருளையும், அடுத்துப் பயன்படுத்தியவரையும், பின்னர்க் காலத்தையும் இடத்தையும் காட்டி, இறுதியிலேயே வேரைக் காட்டுதல் வேண்டும். இரண்டு, சத்திரசிகிச்சையை ஈழ வழக்கென்றும் அறுவை சிகிச்சையைத் தமிழக வழக்கென்றும் குறித்து இரண்டையும் அகராதிகள் ஒப்ப ஏற்றல் வேண்டும். மருத்துவர் கையிலுள்ள சிறு கருவிக்கு அறுவைக் கத்தி என்பதே போதும். அது எவர்க்கும் விளங்கும். மூன்று, முதியவராய் எஞ்சியுள்ள நாவிதர், மருத்துவச்சியர், சாணை பிடிப்போர் ஆகியோரின் தொழிற்சொற்களைத் தமிழகத்திலும் கன்னட நாட்டுத் தமிழ்ப் பகுதிகளிலும் களப்பணி வழித் தொகுத்தல் வேண்டும். நூலகத்தில் உள்ள அகராதி இன்னும் நூறாண்டுகள் காத்திருக்கும். அடைப்பத்தைத் திறந்து ஒவ்வொரு கத்திக்கும் பெயர் சொல்லக்கூடிய முதியவர் காத்திருக்கமாட்டார். முனைவர்ப் பட்ட ஆய்வுத் தலைப்புகளை ஒப்பும் குழுக்கள் அடுத்த ஆண்டில் இதற்கு ஓரிடமேனும் ஒதுக்குமாயின், சத்திரம் பற்றிய இவ்விவாதம் பயனுடையதாகும்.